மூன்றாவது பை

இந்தக் காலத்து மனிதருக்கு மூக்கு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சோறு அடிப்பிடித்தால்கூடக் கூரையில் இருக்கிற வெள்ளைப் பெட்டி கத்திச் சொல்ல வேண்டும். பெட்டி கத்தவில்லையா? அப்படியானால் எதுவும் கருகவில்லை!

பெட்டியை நம்புகிறார்கள். பெட்டி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த நகரசபைக் கவுன்சிலை நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் வாயைக் கட்டினவன் நான்தான்.

ஜூலை மாதம். இங்கே அது குளிர்காலம். வியாழக்கிழமை. காலை பதினொன்றே கால்.

போன் அடித்தது.

கல்யாணி. மூச்சு வாங்கியது.

"அங்கிள்... கீழ் வீடு எரியுது. அஞ்சனா உள்ள இருக்கா."

என் பெயர் அந்தோணிசாமி. வயது எழுபத்திரண்டு. ஈப்போவில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். முப்பது வருடமாக நியூசிலாந்தில், ஆக்லாந்தில் சுவர்ப் பலகை அடித்துப் பூசுகிற வேலை. கல்யாணி வீட்டுக் கீழ்த்தளம்தான் நான் செய்த கடைசி வேலை. அதற்குப் பிறகு முட்டி ஒத்துழைக்கவில்லை.

நான் இருக்கிற பாபடோயிட்டோயிலிருந்து அவர்கள் வீடு இருக்கிற ஹில்ஸ்பரோவுக்கு என் மகள் காரை விரட்டினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். தீ அணைந்திருந்தது. கல்யாணியின் புருஷன், வீட்டுக்காரர் பாஸ்கரன், எதிர்வீட்டுக் குட்டைச் சுவரில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

புல்தரையில் ஒரு வெள்ளைத் துணி.

துணிக்கு அடியில் அஞ்சனா.

கீழ் வீட்டில் குடியிருந்தவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து காலையில் வந்து தூக்க மாத்திரை போட்டுப் படுத்தவள். படுக்கையறையில் ஹீட்டர் மேல் காயப்போட்ட துணி பற்றிக்கொண்டது என்று தீயணைப்புக்காரர் சொன்னார். அவள் கடைசியில் எப்படியோ விழித்திருக்கிறாள். ஜன்னலுக்கு இரண்டடி தூரத்தில் விழுந்து கிடந்தாளாம்.

அந்த ஜன்னல் எனக்குத் தெரியும். ஒரு ஆள் ஏறி வெளியே குதிக்கிற அளவுக்கு அகலமாக இருந்தால்தான் கையெழுத்து என்று கவுன்சில் சொன்னது. இடித்து அகலமாக்கி, ஓரம் பூசி, வர்ணம் அடித்தது நான்.

இரண்டடி.

பன்னிரண்டரை மணிக்கு அவள் புருஷன் விக்னேஷ் வந்தான். நகரத்தின் வடகோடி ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. காரை நடுரோட்டிலேயே விட்டு ஓடிவந்தான். துணியைப் பார்த்தான். ரோட்டில் முட்டி போட்டுத் தலையைத் தார்மேல் மோதினான்.

நான்தான் அவனைத் தூக்கி நிறுத்தினேன்.

என் தோளில் சாய்ந்து அழுதான். அழுகையின் நடுவே என் காதோரம் வந்து, மற்றவருக்குக் கேட்காத குரலில் ஒன்று கேட்டான்.

"அங்கிள்... ஹோமத்தப்போ அலாரத்துல கட்டினீங்களே, அந்தப் பை... பெட்ரூம்ல இருந்தத கழட்டினீங்களா?"



கழற்றினேனா?

*

அந்த வீடு சரிவில் நிற்கிற வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி. பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு. கீழே இருட்டாக ஒரு கிடங்கு. புல்வெட்டும் மெஷின், பழைய மெத்தை, எலி.

அதை வாடகை வீடாக்க வேண்டும் என்று பாஸ்கரனுக்கு ஆசை. நான் சொன்னேன், ரெண்டு பலகை அடித்து ஒரு கட்டிலைப் போடுங்கள், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் விடுகிறான் என்று. அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் சட்டப்படிதான் அங்கிள் விடுவேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பதினொரு மாதம்! தரையைத் தோண்டி உயரம் கூட்டினோம். ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் விரித்தோம். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே தீ பரவாத பலகை, இரட்டை அடுக்கு. தனி வாசல். தனி சமையல்கட்டு. கவுன்சிலிலிருந்து ஒரு சின்ன வயசு அதிகாரி கையில் பலகைக் கம்ப்யூட்டரோடு வந்து, நான் அடித்த ஸ்குருவை எண்ணினார். ஒரு பலகையில் நாலு ஸ்குரு குறைச்சல் என்று திருப்பி அனுப்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்ப அடித்தேன்.

ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. மூன்று புகை அலாரம். ஒன்று கத்தினால் மூன்றும் கத்தும்.

ஏப்ரலில் சான்றிதழ் வந்தது. பாஸ்கரன் சட்டம் போட்டு மாட்டினார்.

மே மாதம் கல்யாணி, குடி வைக்கிறதுக்கு முன்னால் கணபதி ஹோமம் செய்ய வேண்டும் என்றாள். பழைய எலி நாற்றம் போகவாவது செய்யட்டும் என்று நானும் நினைத்தேன். ஐயர் செங்கல் அடுக்கிச் சமித்தைப் பற்ற வைத்தார். முதல் நெய் விழுந்தது.

மூன்று அலாரமும் சேர்ந்து அலறின பாருங்கள்! ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காதைப் பொத்தினார். நாற்பது விருந்தாளிகள். கல்யாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள். எனக்கும் ஹோமத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த ஒரே ஏணி என்னுடையது.

கல்யாணி மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை மூன்று எடுத்துக் கொடுத்தாள். நல்ல சட்டை அழுக்காகாமல் மேலே வேலை ஓவராலை மாட்டினேன். அதன் பையில் வர்ணக்காரர் ஒட்டுகிற பச்சை டேப் இருந்தது. மூன்றையும் மூடினேன்.

ஏணியை யார் பிடித்தது தெரியுமா? விக்னேஷ். அன்றைக்கு அவனும் அஞ்சனாவும் வீடு பார்க்க வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமல் தானாக வந்து பிடித்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தனா என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மேலே நிற்கும்போது இதைக் கேட்டான், அதைக் கேட்டான். நானும் பெருமையாகப் பதில் சொன்னேன். கிழவன் பேச்சைக் கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம்.

ஹோமம் முடிந்தது. ஹாலில் கழற்றினது ஞாபகம் இருக்கிறது. நடையில் கழற்றினது ஞாபகம் இருக்கிறது.

அப்போது கல்யாணி கூப்பிட்டாள். "அங்கிள், இலை போட்டாச்சு, வாங்க."

அதற்குப் பிறகு பாயசம்தான் ஞாபகம் இருக்கிறது.

*

தீ நடந்த மூன்றாம் நாள், பாஸ்கரன் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு தெருமுனைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

படுக்கையறை அலாரம் கூரையிலிருந்து விழுந்து, நனைந்த கார்ப்பெட்டில் குப்புறக் கிடந்ததாம். அதன் மேல் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கிறதாம். பச்சை டேப் ஒரு துண்டு எரியாமல் மிச்சம் இருக்கிறதாம். போலீஸ்காரி வந்து, இது என்ன என்று கேட்டாளாம். தெரியாது என்று இவர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க மூணையும் கழட்டினீங்கதானே அங்கிள்?"

"கழட்டினேன்," என்றேன்.

வாய்தான் சொன்னது. மனசு கூட வரவில்லை.

பாஸ்கரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கதவு மூடியிருந்ததால் புகை அறைக்குள்ளேயே நின்றதாம். கதவுக்கு அடியில் வழிந்து நடைக்கு வந்த பிறகுதான் அங்கே இருந்த அலாரம் கத்தி மற்றதையும் கத்த வைத்தது. மேலே கல்யாணிக்கு அது கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. படுக்கையறை அலாரம் முதல் புகையிலேயே பேசியிருந்தால் அஞ்சனா பிழைத்திருப்பாளாம்.

"யார் கேட்டாலும் ஹோமமே நடக்கலன்னு சொல்லிடுங்க அங்கிள். ரெண்டு பேருக்கும் நல்லது."

கல்யாணி வாட்ஸ்அப்பில் போட்டோக்களை அழித்துவிட்டாளாம். நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சாம்பார் கேட்டுச் சாப்பிட்ட ஹோமம்... நடக்கவே இல்லையாம்!

அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சட்டப்படி செய்யணும் என்று பதினொரு மாதம் உயிரை விட்டவர். பயம் அவரைப் பொய்யராக்கிவிட்டது. என்னையும்தான்.

வீட்டுக்கு வந்தேன். தூங்கவில்லை. தூங்கினால் ஏணி வருகிறது. மேலே ஏறுகிறேன். கையை நீட்டுகிறேன். பை இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் யாரோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

என் வீட்டு நடையில் ஒரு அலாரம் இருக்கிறது. அதன் கீழே போகாமல் சுவரை ஒட்டி நடந்தேன். மகள் பார்த்தாள்.

அஞ்சனாவின் முகம் வேறு. குடிவந்த இரண்டாம் வாரம் சமையல்கட்டுச் சுவரில் ஒரு கீறலைப் பூசப் போயிருந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். புருஷன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"தாத்தா, ஒரு ஆளுக்கு மட்டும் சின்னதா ஒரு ரூம் எங்கயாவது தெரியுமா?"

யாரோ சிநேகிதிக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது விக்னேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான். கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்ல அங்கிள். வயசாயிடுச்சு. மறந்திருப்பீங்க. மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

அவன் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி நகரத்துக்குப் போனேன்.

*

போலீஸ் அலுவலகத்தில் என் இங்கிலீஷ் யாருக்கும் புரியவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். சாதாரண உடுப்பு. பெயர் பிரணவி, துப்பறிகிற அதிகாரி என்றாள். இங்கேயே பிறந்தவளாம். பெற்றோர் யாழ்ப்பாணம். தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது, ஆனால் வந்தது.

"இருங்கோ ஐயா. நீங்கள் கதையுங்கோ. நான் எழுதுறன்."

எல்லாவற்றையும் கொட்டினேன். ஹோமம், பை, டேப், பாயசம். பாஸ்கரன் சொல்லச் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"நான்தான் கொன்னேன்மா. கைய எங்க வெக்கணும்? வெலங்கு போடு."

அவள் விலங்கு போடவில்லை. ஒரு கோப்பைத் திறந்து போட்டோ ஒன்றை என் முன்னால் தள்ளினாள். உருகின பிளாஸ்டிக். அதன் ஓரத்தில் பச்சை டேப் துண்டு, பெரிதாக்கி எடுத்தது.

"இது உங்கட டேப்தானே?"

"ஆமா. மிச்ச ரோல அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அலமாரியிலேயே வெச்சிட்டு வந்தேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். குனிந்து பார்த்தேன்.



டேப்பின் முனை நேராக இருந்தது. கோடு போட்டது மாதிரி. கத்தரியால் வெட்டின முனை.

"இது என் கை இல்லம்மா."

"விளங்கேல்ல ஐயா."

முப்பது வருடமாக டேப் ஒட்டுகிறேன். கத்தரி எடுத்ததே இல்லை. பல்லால் கிழிப்பேன். என் டேப் முனை நாய் கடித்த மாதிரி இருக்கும். அதுமட்டுமல்ல. முனையை ஒரு நகம் அளவு உள்ளே மடித்து விடுவேன், நாக்கு மாதிரி. அந்த நாக்கைப் பிடித்து இழுத்தால் வர்ணம் உரியாமல் டேப் வரும். கை அதுவாகச் செய்கிற வேலை அது.

போட்டோவில் நாக்கு இல்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கழற்றின டேப்பை நான் தரையில் போடுகிறவன் இல்லை. காலில் ஒட்டிக்கொள்ளும். ஓவரால் பையில் சுருட்டிப் போடுவேன்.

அந்த ஓவராலை ஹோமத்துக்குப் பிறகு நான் போடவே இல்லை!

பிரணவி தன் காரிலேயே என்னைப் பாபடோயிட்டோய்க்கு அழைத்து வந்தாள். கராஜ் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓவரால் தொங்கியது. என்னைத் தொட விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு பைக்குள் கை விட்டாள்.

ஒரு பிளாஸ்டிக் பை. ஹோமப் புகை படிந்தது. பச்சை டேப். கடித்த முனை. நாக்கு.

இன்னொரு பை.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பிரணவியின் கை உள்ளேயே துழாவியது... துழாவியது...

மூன்றாவது பை.

நான் அப்படியே ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டேன். கழற்றியிருக்கிறேன். பாயசத்துக்கு முன்னாலேயே கழற்றியிருக்கிறேன்.

"ஐயா, அப்ப வேற ஆரோ பிறகு மூடியிருக்கினம். பை கட்டினது ஆருக்குத் தெரியும்?"

"நாப்பது பேருக்குத் தெரியும். விக்னேஷே ரோட்டுல கேட்டான், பெட்ரூம் பைய கழட்டினீங்களான்னு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எந்த ரோட்டில? எப்ப?"

"தீ அன்னிக்குத்தான். வந்து எறங்கி, அழுதுகிட்டிருக்கும்போது."

பிரணவி பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டாள். சத்தமில்லாமல் சொன்னாள்.

"அந்த அலாரத்தை நாங்கள் அடுத்த நாள்தான் கண்டெடுத்தனாங்கள் ஐயா. அண்டைக்கு அதில பை இருந்தது ஒருத்தருக்கும் தெரியாது. கட்டின ஆளைத் தவிர."

*

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

ஹீட்டரைச் சொருகியிருந்த பிளக், போனிலிருந்தே சுவிட்ச் போடுகிற வகையாம். விக்னேஷின் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். காலை பத்து நாற்பதுக்கு, ஆல்பனியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் அதை ஆன் செய்திருக்கிறான். ஹீட்டர்மேல் துணியைப் போட்டு, அவள் அசந்து தூங்கின பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினவன் அவனே. பை கட்டினது முந்தின நாள் இரவு, அவள் வேலையில் இருந்தபோது.

எதற்கு?

ஆகஸ்டில் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போக அஞ்சனா டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். ஒரே ஒரு டிக்கெட். அங்கே வேலை கிடைத்துவிட்டது. இவனை விட்டுப் போகிறாள். அவள் பையில் டிக்கெட்டைப் பார்த்திருக்கிறான்.

ஒரு ஆளுக்கு மட்டும் சின்னதாக ஒரு ரூம்.

பழியைப் போட ஒரு கிழவன் தயாராக இருந்தான். கிழவன் மறந்துவிட்டான் என்று ஊரே நம்பும். கிழவனே நம்பினான்!

அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நான் மறந்துவிடுவேனோ என்று பயந்து, அவசரப்பட்டு ஞாபகப்படுத்திவிட்டான்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட பிரணவி என்னை மறுபடி கூப்பிட்டாள். பாஸ்கரனும் வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போனாராம். டீ வாங்கிக் கொடுத்தாள். பால் அதிகம், சீனி இல்லை.

"விக்னேஷ் எல்லாத்தையும் ஒத்துக்கொண்டிட்டார் ஐயா."

"என்னா சொன்னான்?"

தாளைத் திருப்பினாள்.

"வேண்டாம் ஐயா."

"சொல்லும்மா. நான் எத்தனையோ கூரைக்கு அடியில நின்னவன். ஒண்ணு விழுந்தா தாங்குவேன்."

"பையால மூடினா அலாரம் அடிக்காது எண்டு தனக்குத் தெரியாதாம். கொஞ்சம் புகை உள்ள போகும் எண்டுதான் நினைச்சவராம். ஏணியில நிண்டு நீங்கள்தான் விளங்கப்படுத்தினதாம்."



ஏணியின் கீழே நின்று கேட்டானே. இதை மூடிட்டாக் கத்தாதா அங்கிள் என்று. எவ்வளவு மரியாதையான குரல். அதற்கு நான் சொன்ன பதிலும் இப்போது எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. நாற்பது பேர் நடுவில், மேலே நின்று, பல்லில் டேப்பைக் கடித்தபடி சொன்னேன்.

"நாலு பக்கமும் காத்துப் போகாம ஒட்டிட்டா, வீடே எரிஞ்சாலும் வாயத் தொறக்காது தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவளும்தான் சிரித்தாள்.

கவுன்சில் அதிகாரியை நம்பவில்லை. சான்றிதழை நம்பவில்லை. அலாரத்தை நம்பவில்லை. ஏணி பிடித்தவனை மட்டும் நம்பினேன்.

பிரணவி என் கையில் பேனாவைக் கொடுத்தாள். இடத்தைக் காட்டினாள். மெதுவாகக் கையெழுத்துப் போட்டேன், நாலாம் வகுப்பு எழுத்து.

"சட்டப்படி உங்களில ஒரு பிழையும் இல்லை ஐயா. நீங்கள் நிம்மதியா வீட்ட போங்கோ."

நல்ல பெண். மனசார நம்பித்தான் சொன்னாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கதவைத் தாண்டி, படி இறங்கி, மழையில் ரயிலடியைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டப்படி என்மேல் பிழை இல்லையாம்.

அந்தக் கீழ் வீட்டையும் சட்டப்படிதான் கட்டினோம்.